சர்வர் ஓடிக்கொண்டே இடம் மாறும்! ‘லைவ் மைக்ரேஷன்’ முடிவை மெஷினிடம் விடலாமா?

2018 ஜனவரி 3-ம் தேதி, உலகம் முழுக்க சர்வர் பராமரிப்பில் இருந்தவர்களுக்குப் புத்தாண்டு மயக்கம் ஒரே நாளில் தெளிந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரிலேயே ஓட்டை இருக்கிறது என்ற தகவல் அன்று வெளியானது. ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்று பெயர். ஒரே சர்வரில் குடியிருக்கும் ஒருவரின் ரகசியத்தைப் பக்கத்துக் குடித்தனக்காரர் எட்டிப் பார்த்துவிட முடியும் என்பதுதான் பயம். லட்சக்கணக்கான சிப்புகளைக் கழற்றி மாற்ற முடியாது. சர்வரை இயக்கும் சாஃப்ட்வேரில்தான் ஒட்டுப்போட வேண்டும். ஒட்டுப்போட்டால் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் அஜூர் கிளவுட், பின்னால் செய்வதாக இருந்த பராமரிப்பை அன்றைக்கே முன்னுக்கு இழுத்து, மிச்சமிருந்த வாடிக்கையாளர்களின் மெஷின்களை ரீபூட் செய்யத் தொடங்கியது. கூகுள் கிளவுட் சில நாள் கழித்துச் சொன்ன கதை வேறு. முந்தைய செப்டம்பரிலேயே வேலையை ஆரம்பித்து டிசம்பருக்குள் முடித்துவிட்டோம், இதற்காக வாடிக்கையாளர்களின் மெஷின்களை ரீஸ்டார்ட் செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை என்றது. ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களில் கூகுளின் சொந்தக் குழுவும் உண்டு, அதனால் அவர்களுக்கு அவகாசம் கூடுதலாகக் கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது இல்லையா? சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் அதில் ஓடும் எல்லாமே நின்றுபோகும். பிறகு எப்படிச் சமாளித்தார்கள்? பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை இலையோடு தூக்கி அடுத்த கூடத்தில் உட்கார வைத்ததுபோல, ஓடிக்கொண்டிருந்த மெஷின்களை ஓட்டத்தோடு வேறு சர்வருக்கு மாற்றினார்கள். காலியான சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். இதற்குப் பெயர் லைவ் மைக்ரேஷன்.

நகர்த்தும் வித்தை 20 வருஷத்துக்கு மேல் பழையது. எதை, எப்போது, எங்கே நகர்த்துவது என்ற முடிவை மனிதர் எடுப்பதா, மெஷினே எடுப்பதா என்பதுதான் இன்றைக்கு ஒவ்வொரு ஐ.டி. டீமிலும் நடக்கும் வாக்குவாதம். அதைப் பேசுவதற்கு முன், வித்தை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரே பெட்டி, பல குடித்தனம்

டேட்டா சென்டரில் இருக்கும் ஒரு நிஜ சர்வரை ‘ஹோஸ்ட்’ என்பார்கள். அதன் மேல் ஹைப்பர்வைசர் என்ற சாஃப்ட்வேர் உட்கார்ந்து, ஒரே பெட்டியைப் பல கற்பனைக் கம்ப்யூட்டர்களாகப் பங்கு போடுகிறது. அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டர்தான் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம். ஒவ்வொரு வி.எம்.மும் தனக்கென்று தனி பிராசசர், தனி ராம், தனி டிஸ்க் இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடும். நிஜத்தில் அது அடுக்குமாடியின் ஒரு ஃபிளாட்.

பெரிய நிறுவனங்களில் வி.எம்.மின் டிஸ்க் அந்த ஹோஸ்டுக்குள்ளேயே இருப்பது குறைவு. எல்லா ஹோஸ்டுகளும் தொடக்கூடிய ஒரு பொது ஸ்டோரேஜில் அது ஒரு ஃபைலாக இருக்கும். அதனால் ஹோஸ்ட் மாறும்போது டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ராமில் இருப்பதும், பிராசசர் அந்த நொடியில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற குறிப்பும் போனால் போதும்.

1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் ‘விமோஷன்’ என்ற பெயரில் இந்த வசதியை 2003-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2005-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ‘ஜென்’ குழுவினரும் கோபன்ஹேகன் ஆய்வாளர்களும் ஒரு ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட சோதனைகளில் ஒன்று குவேக் 3 கேம் சர்வர். துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே சர்வரை வேறு ஹோஸ்டுக்கு மாற்றினார்கள். சர்வர் நின்ற நேரம் 60 மில்லி செகண்ட். கண் இமைப்பதைவிடக் குறைவு.

மளிகைக்கடை நோட்டு

அட, ராமைக் காப்பி பண்றதுல என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். விஷயம் இதுதான்: நீங்கள் காப்பி எடுக்கும்போதே அது மாறிக்கொண்டிருக்கும்.

ஒரு மளிகைக்கடை எதிர்ச்சாரிக்கு இடம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரத்தை நிறுத்த முடியாது. கடன் கணக்கு நோட்டு 500 பக்கம். கடைப் பையன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புது நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறான். அதற்குள் முதலாளி பழைய நோட்டில் 40 பக்கத்தில் ஏதோ எழுதிவிட்டார். பையன் அந்த 40 பக்கத்தை மட்டும் மறுபடி எழுதுகிறான். அதற்குள் 4 பக்கம் மாறிவிடுகிறது. அந்த 4 பக்கத்தை எழுதுகிறான். இப்போது மாறியது ஒரே ஒரு பக்கம். “ஒரு நிமிஷம் இருங்கண்ணா” என்று முதலாளி பேனாவை மூடுகிறார். கடைசிப் பக்கமும் போகிறது. எதிர்க்கடையில் ஷட்டர் திறக்கிறது.

ஹைப்பர்வைசர் செய்வதும் இதேதான். ராமை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, காப்பி எடுக்கும்போது எந்தப் பக்கம் மாறியது என்று குறித்துவைத்து, மாறியதை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பும். மிச்சம் மிகச் சிறிதாக ஆனதும் வி.எம்.மை ஒரு கணம் உறைய வைத்து, மீதியை அனுப்பி, புது ஹோஸ்டில் எழுப்பும். எழுந்தவுடன் “இனிமேல் நான் இந்தப் பக்கம்” என்று நெட்வொர்க் ஸ்விட்சுக்கு ஒரு அறிவிப்பு போகும். ஐ.பி. முகவரி மாறாது. வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் புரியும். 64 ஜிபி ராம் உள்ள வி.எம்., 10 ஜிகாபிட் நெட்வொர்க். அதாவது நொடிக்கு 1.25 ஜிபி அனுப்பலாம். முதல் சுற்றுக்கு 51 நொடி. அந்த வி.எம். நொடிக்கு 100 எம்பி ராமை மாற்றுகிறது என்றால், இரண்டாம் சுற்றில் அனுப்ப வேண்டியது 5 ஜிபி சொச்சம், 4 நொடி. மூன்றாவது சுற்று மூன்றில் ஒரு நொடி. கடைசியில் மிச்சம் 33 எம்பி. அதை அனுப்ப 26 மில்லி செகண்ட் வி.எம். நின்றால் போதும். கச்சிதம்.

அதே வி.எம்.மில் பிஸியான டேட்டாபேஸ் ஓடி, நொடிக்கு 1 ஜிபி மாறினால்? ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட 20%-தான் குறையும். 30 சுற்றுக்கு மேல், நாலு நிமிஷம் தாண்டும். நொடிக்கு 1.5 ஜிபி மாறினால் கதை முடிந்தது. பையன் எழுதும் வேகத்தைவிட முதலாளி எழுதும் வேகம் அதிகம். கடை மாறவே மாறாது.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, முதலாளியின் கையைப் பிடித்து மெதுவாக எழுத வைப்பது. விஎம்வேரும் சரி, லினக்ஸ் உலகின் கேவிஎம்மும் சரி, தேவைப்பட்டால் வி.எம்.மின் பிராசசர் வேகத்தை வேண்டுமென்றே குறைக்கும். மைக்ரேஷன் முடியும், ஆனால் அந்தச் சில நிமிஷம் ஆப் மந்தமாகும். “சர்வர் ஏன் ஸ்லோ?” என்று கேட்டு வரும் டிக்கெட்டுகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான், கிராஃபைப் பார்ப்பவருக்கு மைக்ரேஷன் நடந்ததே தெரிந்திருக்காது. இன்னொன்று, முதலில் கடையை மாற்றிவிட்டு, தேவைப்படும்போது ஒவ்வொரு பக்கமாகப் பழைய கடையிலிருந்து வரவழைப்பது. ‘போஸ்ட் காப்பி’ என்று பெயர். நிச்சயம் முடியும். ஆனால் நடுவில் நெட்வொர்க் அறுந்தால் பாதி நோட்டு இங்கே, பாதி நோட்டு அங்கே. வி.எம். காலி.

டிஸ்க் நகர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை நகரும்

ராம் நிமிஷக் கணக்கு. டிஸ்க் மணிக்கணக்கு. பழைய ஸ்டோரேஜ் பெட்டிக்கு ஆயுள் முடிந்து புதுப்பெட்டி வாங்கும்போதுதான் இதன் அருமை தெரியும். 2 டிபி டிஸ்க்கை நொடிக்கு 500 எம்பி வேகத்தில் அனுப்பினாலும் ஒரு மணி நேரம் தாண்டும். அப்படி 300 வி.எம். இருந்தால்?

ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மின் டிஸ்க்கை மாற்றும் வசதி விஎம்வேரில் 2007-ல் வந்தது. ஆரம்பத்தில் ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பேற்றினார்கள். பிறகு ராம் மாதிரியே மாறிய பிளாக்குகளைச் சுற்றுச் சுற்றாக அனுப்பினார்கள். 2011-ல் வந்த பதிப்பிலிருந்து வழி மாறியது: ஒரே முறை தலையிலிருந்து கால் வரை காப்பி, அதே நேரத்தில் காப்பியான பகுதியில் வரும் புது எழுத்துகள் இரண்டு பக்கமும் எழுதப்படும். மிச்சத்தைத் துரத்திக்கொண்டு ஓடும் வேலை இல்லை என்பதால் எப்போது முடியும் என்று கணிக்கலாம். இரண்டு இடமும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டிக்குள் இருந்தால், “நீயே உள்ளுக்குள் மாற்றிக்கொள்” என்று பெட்டியிடமே வேலையைக் கொடுக்கவும் முடியும். நெட்வொர்க்குக்கு நிம்மதி.

ஆனால் டிஸ்க் நகர்வதில் யாரும் எதிர்பார்க்காத பக்கவிளைவு ஒன்று உண்டு. பல ஸ்டோரேஜ் பெட்டிகள் தங்களுக்குள் இருக்கும் டேட்டாவை வேறு ஊரிலுள்ள இன்னொரு பெட்டிக்கு அப்படியே பிரதி எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு வி.எம்.மை ஒரு டேட்டாஸ்டோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், பெட்டியைப் பொறுத்தவரை அது புது டேட்டா. முழு 2 டிபியும் மறுபடி அந்த ஊருக்குப் போகும். லிங்க் நிரம்பும். மறுநாள் காலை பிரதி பல மணி நேரம் பின்தங்கி நிற்கும். அந்த இடைவெளியில் மெயின் சென்டரில் ஏதாவது ஆனால், இழப்பது அத்தனை மணி நேர டேட்டா. நகர்த்தியவர் இதை யோசித்திருப்பார் என்று நம்பலாம். நகர்த்தியது மெஷின் என்றால்?

கிரிக்கெட்டிலும் டிஆர்எஸ், இங்கேயும் டிஆர்எஸ்

2006-ல் விஎம்வேர் கொண்டுவந்த வசதியின் பெயர் டிஆர்எஸ். கிரிக்கெட் டிஆர்எஸ் நடுவர் சொன்னதைச் சரிபார்க்கும். இது நடுவரே வேண்டாம் என்கிறது. பல ஹோஸ்டுகளை ஒரு கிளஸ்டராகக் கட்டிவிட்டால், எந்த ஹோஸ்ட் திணறுகிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்த்து, வி.எம்.களைத் தானாகவே நகர்த்தும். முதலில் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்த்தது. 2020-ல் வந்த பதிப்பிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு முறை. பார்வையும் மாறியது. முன்பு ஹோஸ்டுகளுக்குள் சுமை சமமாக இருக்கிறதா என்று பார்த்தது. இப்போது ஒவ்வொரு வி.எம்.முக்கும் கேட்டது கிடைக்கிறதா என்று பார்க்கிறது. இது நல்ல மாற்றம். ஹோஸ்டுகள் சமமாக இருப்பதால் வாடிக்கையாளருக்கு என்ன லாபம்?

நகர்வதற்கும் செலவு உண்டு என்பதால், நகர்ந்தால் கிடைக்கும் நன்மை அதைவிட அதிகமா என்று கணக்குப் போட்ட பிறகுதான் டிஆர்எஸ் கை வைக்கும். எவ்வளவு துறுதுறுப்பாக இருக்க வேண்டும் என்று 1 முதல் 5 வரை ஒரு அளவுகோல் இருக்கிறது. ஆரம்பத்தில் 3-ல் வைத்துத் தருவார்கள். 5-ல் வைத்தால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் வி.எம்.கள் அங்குமிங்கும் அலையும். பெரும்பாலான இடங்களுக்கு 3 போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டோரேஜுக்கும் இதேபோல் ஒன்று 2011-ல் வந்தது. டேட்டாஸ்டோர் 80% நிரம்பினாலோ, படிக்க எழுத ஆகும் தாமதம் 15 மில்லி செகண்டைத் தாண்டினாலோ பரிந்துரை செய்யும். இவை ஆரம்ப அளவுகள், மாற்றிக்கொள்ளலாம். தாமதத்தை 8 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் எடைபோடும். டிஸ்க்கை அவசரப்பட்டு நகர்த்தக் கூடாது என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கிளவுட் நிறுவனங்கள் இன்னும் தூரம் போய்விட்டன. மாதத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட லைவ் மைக்ரேஷன் செய்வதாகவும், வி.எம். நிற்கும் நேரம் பாதி முறை 50 மில்லி செகண்டுக்குள் முடிவதாகவும் கூகுள் பொறியாளர்கள் 2018-ல் எழுதினார்கள். இந்த எண்ணிக்கையை எந்த மனிதரும் பட்டனை அழுத்திச் செய்ய முடியாது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட், டிஸ்க் பழுதாகப் போவதை மெஷின் லேர்னிங் மூலம் முன்கூட்டியே ஊகித்து, ஹோஸ்ட் விழுவதற்கு முன்பே வி.எம்.களை வெளியேற்றுவதாக அறிவித்தது.

இங்கே பலர் குழப்பிக்கொள்வது ஒன்று. ஹோஸ்ட் திடீரென்று செத்துவிட்டால் லைவ் மைக்ரேஷன் உதவாது. ராமோடு எல்லாம் போய்விடும். வேறு ஹோஸ்டில் வி.எம். புதிதாக பூட் ஆகித்தான் வரும். அது ஹெச்ஏ என்ற வேறு வசதி. இன்டர்வியூவில் இந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள்.

மெஷினுக்குத் தெரியாதது

டிஆர்எஸ்ஸுக்குத் தெரிவது பிராசசர், ராம், நெட்வொர்க். ‘டிபி-01’, ‘டிபி-02’ என்ற இரண்டு வி.எம்.கள் ஒன்றுக்கொன்று மாற்று என்று அதற்குத் தெரியாது. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டியிருப்பீர்கள். ஒரு நாள் ராத்திரி, சுமை கணக்குப்படி இரண்டையும் ஒரே ஹோஸ்டுக்கு அது கொண்டுவந்து வைக்கும். அதன் கணக்கில் தப்பே இல்லை. எல்லாம் பச்சையாகத்தான் ஓடும். அந்த ஹோஸ்டின் மதர்போர்டு போகும் வரை.

இதற்கு ‘ஆன்டி அஃபினிட்டி’ விதி இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்று எழுதிவைத்தால் டிஆர்எஸ் மதிக்கும். எழுத எடுக்கும் நேரம் இரண்டு நிமிஷம். சிக்கல் என்னவென்றால், எந்த இரண்டு என்பது ஆப் டீமுக்குத் தெரியும். விதி எழுதும் உரிமை இன்ஃப்ரா டீமிடம் இருக்கும். இந்த இரண்டு டீமும் ஒரே மீட்டிங்கில் உட்காருவது அபூர்வம்.

விதிகளிலும் ‘கட்டாயம்’, ‘முடிந்தால்’ என்று இரண்டு ரகம் உண்டு. எல்லாவற்றையும் கட்டாயம் என்று எழுதினால், மூன்று ஹோஸ்ட் கிளஸ்டரில் மூன்று வி.எம்.கள் தனித்தனியே நின்றே ஆக வேண்டும் என்றாகி, ஒரு ஹோஸ்டைக்கூடக் காலி செய்ய முடியாமல் போகும். அதனால் கட்டாயத்தை உண்மையிலேயே கட்டாயமானவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நகர்வதில் பணமும் இருக்கிறது. டேட்டாபேஸ் விற்கும் ஆரக்கிள், உரிமக் கட்டணத்தை பிராசசர் கணக்கில் வாங்குகிறது. விஎம்வேரில் ஒரு வி.எம். எந்த ஹோஸ்டுக்கும் நகர முடியும். எனவே நகர வாய்ப்புள்ள எல்லா ஹோஸ்டுக்கும் உரிமம் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. ஓடுகிற இடத்துக்கு மட்டும்தானே தர முடியும் என்பது வாடிக்கையாளர்களின் வாதம். சாக்லேட் செய்யும் மார்ஸ் நிறுவனம் 2015-ல் இந்தத் தகராறில் அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு வருவதற்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது. அதனால் சட்டப்படி யார் சரி என்று அந்த வழக்கு சொல்லவில்லை. ஆனால் ‘எங்கேயும் நகரலாம்’ என்ற வசதியே ஒரு பில்லாக வரக்கூடும் என்பதை ஐ.டி. உலகம் அன்று கற்றுக்கொண்டது. இன்றும் ஆரக்கிள் வி.எம்.களுக்கென்று தனி கிளஸ்டர் கட்டி வேலி போடும் நிறுவனங்கள் உண்டு.

சில வி.எம்.கள் பிறவியிலேயே நகராது. ஜிபியு கார்டை நேராகச் செருகிய வி.எம்.மைப் பாருங்கள்: கார்டின் உள்ளே இருப்பதை ஹைப்பர்வைசரால் எடுத்துப் போக முடியாது. கூகுள் கிளவுடிலேயே ஜிபியு பூட்டிய வி.எம்.களைப் பராமரிப்பு நேரத்தில் நிறுத்தத்தான் செய்கிறார்கள். இன்டெல் ஹோஸ்டிலிருந்து ஏஎம்டி ஹோஸ்டுக்கு ஓடிக்கொண்டே போவதும் நடக்காது. பிராசசர் புரிந்துகொள்ளும் கட்டளைகள் வேறு. ஒரே நிறுவனத்தின் பழைய சிப்பும் புது சிப்பும் கலந்திருந்தால், புதியதின் கூடுதல் திறமைகளை மறைத்து எல்லோரையும் பழையதின் மட்டத்துக்கு இறக்கி வைக்க வேண்டும்.

பாதுகாப்பும் ஒன்று. நகரும்போது வி.எம்.மின் ராம் முழுக்க நெட்வொர்க்கில் போகிறது. பாஸ்வேர்டு, சாவி எல்லாம் அதில் உண்டு. நடுவில் உட்கார்ந்து அதைப் படிக்கவும் மாற்றவும் முடியும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே செய்துகாட்டினார்கள். விஎம்வேரில் அதைப் பூட்டி அனுப்பும் வசதி 2016-ல்தான் வந்தது. இன்றைக்கும் மைக்ரேஷனுக்கென்று தனி நெட்வொர்க் ஒதுக்காத இடங்கள் இருந்தால், முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

2%-ல் நிற்கும் பட்டன்

அமெரிக்க நிறுவனத்தின் பராமரிப்பு நேரம் பெரும்பாலும் அவர்களுக்குச் சனிக்கிழமை இரவு. நியூயார்க்கில் கோடைக்கால இரவு 10 மணி என்றால் சென்னையில் ஞாயிறு காலை 7.30. ஓஎம்ஆரில் இன்ஃப்ரா சப்போர்ட்டில் இருப்பவர்களின் எத்தனையோ ஞாயிறுகள் இப்படித்தான் போயிருக்கின்றன. ஆட்டோமேஷன் முதலில் திருப்பித் தருவது இந்த ஞாயிறைத்தான். ‘மெயின்டெனன்ஸ் மோடு’ என்ற பட்டனை அழுத்தினால், ஹோஸ்டில் உள்ள வி.எம்.கள் ஒவ்வொன்றாக வெளியேறும், பேட்ச் போடும், ரீஸ்டார்ட் ஆகும், அடுத்த ஹோஸ்ட். வார நாளில், பட்டப்பகலில்கூட செய்யலாம்.

தியரி அப்படி. ஆனால் பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தால் திரையில் அதே 2%. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் பழகிய காட்சி. காரணம் பெரும்பாலும் சில்லறை விஷயம். யாரோ ஒருவர் என்றைக்கோ ஒரு வி.எம்.மில் அந்த ஹோஸ்டின் சொந்த டிஸ்க்கிலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை மாட்டிவிட்டு மறந்திருப்பார். அல்லது ஒரு கட்டாய விதி குறுக்கே நிற்கும். அல்லது மற்ற ஹோஸ்டுகளில் இடமே இருக்காது. கடைசிக் காரணம்தான் ஆபத்தானது. எல்லா ஹோஸ்டும் 90% ராமோடு ஓடினால், ஒன்றைக் காலி செய்து மற்றவற்றில் எங்கே வைப்பது? நான்கு ஹோஸ்ட் கிளஸ்டரில் ஒரு ஹோஸ்டின் அளவு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், அதாவது ஒவ்வொன்றும் 75%-க்குள். நிதிப் பிரிவுக்கு இது வீணாகத்தான் தெரியும்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 300 வி.எம்.களின் பட்டியலைப் போட்டு ஒரு லூப்பில் நகர்த்தச் சொல்வது பத்து வரி வேலை. விஎம்வேர் தன் பக்கம் கடிவாளம் வைத்திருக்கிறது: 10 ஜிகாபிட் நெட்வொர்க்கில் ஒரு ஹோஸ்டுக்கு ஒரே நேரத்தில் 8 ராம் மைக்ரேஷன், டிஸ்க் என்றால் ஒரு ஹோஸ்டுக்கு 2. ஆனால் அந்த டேட்டாஸ்டோரில் இடம் இருக்கிறதா, பேக்கப் ஓடுகிறதா, முந்தையது தோற்றதா என்று பார்ப்பது உங்கள் ஸ்கிரிப்ட்டின் பொறுப்பு. தோற்றால் நிற்க வேண்டும். அடுத்ததற்குப் போகக் கூடாது. எங்கிருந்து எங்கே நகர்த்தினோம் என்று ஒவ்வொரு வரியும் லாகில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பப் போக வழி தெரியாது.

முழு ஆட்டோமேட்டிக் மோடுக்குப் போகத் தயங்கும் டீம்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. டிஆர்எஸ்ஸை ‘மேனுவல்’ மோடில் இரண்டு வாரம் ஓட விடுங்கள். அது பரிந்துரை மட்டும் தரும். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் கையில். ஏற்றவற்றை விடுங்கள். எதையெல்லாம் “ஐயோ, இதை இப்போ நகர்த்தாதே” என்று தள்ளுகிறீர்களோ அதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். சம்பள நாளில் அந்த டேட்டாபேஸைத் தொடாதே, அந்த இரண்டையும் சேர்க்காதே, அந்த வி.எம். நகர்ந்தால் அதன் கிளஸ்டர் சாஃப்ட்வேர் பயந்துபோய் ஃபெயில்ஓவர் செய்துவிடும். இதுவரை யாரோ ஒரு சீனியரின் தலைக்குள் மட்டும் இருந்த சட்டங்கள் இவை. இரண்டு வாரத்தில் அவை ஒரு தாளில் வந்துவிடும். விதியாக எழுதிய பிறகு ஆட்டோமேட்டிக்கை ஆன் செய்தால், மெஷின் உங்கள் சீனியர் மாதிரி நடந்துகொள்ளும். அவர் லீவில் இருக்கும்போதும்.

இப்போது நடக்கும் பெரிய குடிமாற்றம்

2023 நவம்பர் 22-ல் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒரு முறை காசு கொடுத்தால் என்றைக்கும் வைத்துக்கொள்ளும் லைசன்ஸை நிறுத்திவிட்டு சந்தாவுக்கு மாறுவதாக அறிவித்தது. செலவைக் கணக்குப் பார்த்த பல நிறுவனங்கள் இன்று கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட தளங்களுக்கும் ஹைப்பர்-விக்கும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஓப்பன் சோர்ஸான ப்ராக்ஸ்மாக்ஸ், விஎம்வேரிலிருந்து வி.எம்.களை இறக்குமதி செய்யும் வசதியை 2024 ஏப்ரலில் சேர்த்தது தற்செயல் அல்ல.

இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒரு ஹைப்பர்வைசரிலிருந்து வேறு நிறுவனத்தின் ஹைப்பர்வைசருக்கு ஓடிக்கொண்டே போக முடியாது. கற்பனை நெட்வொர்க் கார்டு, கற்பனை டிஸ்க் கன்ட்ரோலர் எல்லாமே வேறு. வி.எம்.மை நிறுத்தி, டிஸ்க்கை மாற்றி, புது டிரைவர்களோடு எழுப்ப வேண்டும். முக்கியமாக விண்டோஸ் வி.எம்.களில் டிரைவரை முன்கூட்டியே போடாவிட்டால் பூட்டே ஆகாது. 20 வருஷமாக வார நாளிலேயே செய்து பழகியவர்கள் மறுபடி ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறார்கள்.

இறக்குமதிக் கருவிகள் வி.எம்.மின் டிஸ்க்கைக் கொண்டுவரும், ராம் எவ்வளவு, பிராசசர் எத்தனை என்ற குறிப்பைக் கொண்டுவரும். டிஆர்எஸ் விதிகளைக் கொண்டுவராது. அவை வி.எம்.மில் இல்லை, பழைய கிளஸ்டரில் இருக்கின்றன. தானாக நகர்த்தும் வசதியும் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாதிரி. எனவே பழைய விசென்டரை அணைப்பதற்கு முன் அந்த விதிப் பட்டியலை ஒரு ஃபைலாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அது எதற்காக எழுதப்பட்டது, எந்த ஆப் டீமிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த விதியை எழுதியவர் இன்னும் உங்கள் நிறுவனத்தில் இருந்தால், இந்த வாரமே அவரிடம் கேட்டுவிடுங்கள்.